நூறு வெள்ளிப்பணக் கடன்: மன்னிப்பதற்கு ஒரு செய்முறை

ஞாயிற்றுக்கிழமை கேட்கிற சுவிசேஷம் திங்கட்கிழமை வீட்டுக்குள் எப்படி வேலை செய்யும் என்று கேட்டால், நான் மன்னிப்பைத்தான் காட்டுவேன். மூன்று வருஷம் அதில்தான் தடுக்கி விழுந்து கிடந்தேன்.

அத்தான் (அக்காவின் கணவர்) மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும் என்று என்னிடம் 45,000 ரூபாய் வாங்கினார். மூன்றாவது மாதம் அவர் வீட்டு வாசலில் புது பைக் நின்றது. பணம் வரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அசனம் என்றால் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். நான் அவர் எந்தப் பந்தியில் உட்காருகிறார் என்று பார்த்துவிட்டு அடுத்த பந்திக்குக் காத்திருப்பேன்.

சிலுவை, மீட்பு எல்லாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். நேராகச் செய்முறைக்குப் போகலாம். ஒரு நோட்டு, பேனா, அச்சிட்ட வேதாகமம் போதும். போனில் வாசிக்காதீர்கள். வசனத்தின் நடுவே குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து அத்தான் அனுப்பிய 'காலை வணக்கம்' ரோஜாப்பூ வந்து விழும். எனக்கு விழுந்தது.

படி 1: கணக்குப் போடுங்கள்

மத்தேயு 18:21-35: ராஜா பெரிய கடனை மன்னித்துவிட்ட வேலைக்காரன் ஒருவன், தனக்குச் சின்னக் கடன் தரவேண்டிய உடன்வேலைக்காரன் கழுத்தைப் பிடித்த கதை. வாய்விட்டு இரண்டு தடவை வாசியுங்கள்: பழைய திருப்புதலில் (பழைய வேதாகம மொழிபெயர்ப்பில்) ஒன்று, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ஒன்று. பழையது காதுக்கு, புதியது கணக்குக்கு. பழையதில் 'வெள்ளிப்பணம்' என்று இருப்பது புதியதில் 'தெனாரியம்'. ஒரு தெனாரியம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. 6,000 தெனாரியம் சேர்ந்தால் ஒரு தாலந்து.

நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். உடன்வேலைக்காரன் தரவேண்டிய நூறு வெள்ளிப்பணம் 60,000 ரூபாய். அவன் கழுத்தை நெரித்தவனுக்கு ராஜா விட்டுக்கொடுத்த பதினாயிரம் தாலந்தோ 3,600 கோடி. கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கே வருஷ வரும்படி 200 தாலந்து என்கிறார் வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். அப்படியானால் இது ஐம்பது வருஷ வரும்படி. அத்தான் எனக்குத் தரவேண்டியது அந்த நூறுகூட இல்லை, எழுபத்தைந்து.

படி 2: இரண்டு பத்தி

நோட்டின் இடது பக்கம், நீங்கள் மன்னிக்க வேண்டியவர் உங்களுக்குப் பட்ட கடன். வலது பக்கம் கடவுள் உங்களுக்கு விட்டுக்கொடுத்தவை. இடது பக்கம் மளமளவென்று நிரம்பிவிடும். வலது பக்கத்தில் நான் முதலில் 'கோபம், பெருமை, பொய்' என்று எழுதினேன். அது ஆராதனைப் பாவ அறிக்கையிலிருந்து எடுத்த காப்பி, செல்லாது. இடம், ஆள், நாள் எல்லாம் வர வேண்டும். ஒரு வாரம் கழித்து வந்தது: ஆபீசில் நான் செய்த தவறுக்கு உடன் வேலை பார்த்தவருக்கு மெமோ போனபோது நான் வாயைத் திறக்கவில்லை.

இயேசு கற்பித்த ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று சொல்லும்போது பலரும் அதைப் பேரம் என்று நினைக்கிறோம். கதையில் ராஜா மன்னிப்பது முதலில் வருகிறது. வலது பத்தி காலியாக இருந்தால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: நான் சொதப்பியது

போன் போட்டு, "அத்தான், நான் உங்கள மன்னிச்சிட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நான் எப்ப மாப்பிள ஒங்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்?"

அதோடு ஆறு மாதம் பேச்சு நின்றது. அக்கா அழுதாள். மன்னிப்பு என்ற பேரில் நான் செய்தது வசூல் நோட்டீஸ் அனுப்பியதுதான். பழைய திருப்புதலை மறுபடி எடுத்தபோது 27ஆம் வசனத்தில் கண் நின்றது: "கடனையும் அவனுக்கு மன்னித்துவிட்டான்." மன்னிக்கப்படுவது கடன்! கணக்கைக் கிழிப்பது ராஜாவின் வேலை, நஷ்டமும் ராஜாவுக்கே. சிலுவையும் இதுதானே என்று அன்றைக்கு உறைத்தது. கடன் மாயமாய் மறைவதில்லை. யாரோ ஒருவர் நஷ்டத்தை ஏற்கிறார்.

எனவே, சரியான முறை: அவரிடம் எதுவும் அறிவிக்காதீர்கள். இடது பத்தியில் 'நஷ்டம் என்னுடையது' என்று எழுதிக் குறுக்கே கோடு போடுங்கள். அப்புறம் அவர் வீட்டுக்குப் போய், கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு வாருங்கள். நான் அடுத்த அசனத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பேசவில்லை. கறி வந்தபோது, "அவனுக்கு எலும்பு வேண்டாம், சதையாப் போடுங்க" என்று பரிமாறுகிறவரிடம் சொன்னார்.

படி 4: திரும்பச் செய்யுங்கள்

பைக் சத்தம் கேட்டால் 45,000 மறுபடி தலைதூக்கும். மறுபடி கோடு போடுங்கள். எத்தனை தடவை மன்னிப்பது என்று கேட்ட பேதுருவுக்கு இயேசு சொன்ன ஏழெழுபது என்றால் 490. எண்ண வேண்டாம்; எண்ணினால் அதுவே ஒரு கணக்கு நோட்டு ஆகிவிடும்.

பிற்சேர்க்கை: பின்னூட்டங்களுக்குப் பிறகு

'திரும்பக் கடன் கேட்டால்?' கொடுக்க வேண்டியதில்லை. பழைய கடனை விடுவது வேறு, புதுக் கடன் வேறு. என் கையிலிருந்து இப்போதைக்கு வராது.

கணவர் அடிக்கிறார், சபையில் பொறுத்துப் போகச் சொல்கிறார்கள் என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். இந்தச் செய்முறை அதற்கானது அல்ல, தயவுசெய்து நிறுத்துங்கள். முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள்; மகளிர் உதவி எண் 181. சிறியவரை இடறச் செய்கிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லை (திரிகைக் கல்லை) கட்டிக் கடலில் அமிழ்த்துவதே அவனுக்கு நலம் என்று சொன்னதும் இதே 18ஆம் அதிகாரம்தான். அதைச் சபை மூப்பர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டினால் நல்லது.

மெமோ வாங்கியவரிடம் போய்ச் சொல்லிவிட்டீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இன்னும் இல்லை. நம்பர் இருக்கிறது. போன வாரம் இரண்டு தடவை அழுத்திவிட்டு, ரிங் போவதற்குள் கட் பண்ணிவிட்டேன்.