விருந்தாளிகளுக்கு ஜேம்ஸ்டவுனைச் சுற்றிக் காட்டுவது எப்படி?

நான் வர்ஜீனியாவில், ரிச்மண்டில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு மணி நேரம் காரோட்டி, அமெரிக்காவில் ஆங்கிலேயர்கள் முதன்முதலில் நிலைத்து நின்ற ஊரான ஜேம்ஸ்டவுனுக்குக் கூட்டிப்போய்விடுவேன். முதல் முறை சொதப்பினேன். நீங்களும் சொதப்ப வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஜேம்ஸ்டவுன் என்ற பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடங்கள் உண்டு. ‘ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன்’ ஜேம்ஸ் ஆற்றை ஒட்டிய தீவில் இருக்கிறது. 1607 மே மாதம் ஆங்கிலேயர்கள் வந்து இறங்கிய அசல் இடம் அதுதான். ‘ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட்’ பிற்காலத்தில் கட்டிய மாதிரி ஊர். டிக்கெட்டும் தனித்தனி. நான் மாதிரியை மட்டும் காட்டிவிட்டு, அசலையே பார்த்தாயிற்று என்று மாமனாரிடம் அளந்தவன். இரண்டுக்கும் சேர்த்து ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அசல் காலையில், வெயில் ஏறுவதற்குள். கோடையில் கொசு பிடுங்கி எடுக்கும், மருந்து தடவிக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் மியூசியத்துக்கு ஓடாதீர்கள். நேரே ஆற்றங்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். என் அப்பா நாற்பது வருடம் டெல்டாவில் நெல் போட்டவர். காலால் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, “சதுப்புடா இது. கடல் பக்கத்துல இருக்குன்னா கிணத்துத் தண்ணியும் கரிக்குமே. எவன் இங்க வந்து ஊர் கட்டுனான்?” என்றார். இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு சுற்றினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கட்டியது ஒரு கம்பெனி. லாபத்துக்குப் பணம் போட்டவர்கள் சேர்ந்து, ஜேம்ஸ் மன்னரிடம் 1606இல் சாசனம் வாங்கிய வர்ஜீனியா கம்பெனி. ஸ்பெயின்காரர்கள் கண்ணில் படாத அளவுக்கு ஆற்றுக்குள் தள்ளி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. இங்கே கரையை ஒட்டியே ஆழம் என்பதால் கப்பலை மரத்திலேயே கட்டிவிடலாம். குடிதண்ணீர் இரண்டாம்பட்சமாகிவிட்டது. போதாக்குறைக்கு வந்த நேரம் கடும் வறட்சி; அதைப் பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்களை அளந்து பின்னாளில் கண்டுபிடித்தார்கள். இறங்கியவர்கள் 104 பேர். அடுத்த ஜனவரியில் மிஞ்சியவர்கள் 38. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்கள் கொடுத்த மக்காச்சோளம் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

அப்புறம் கோட்டை. அந்த முக்கோணக் கோட்டையை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1994இல் வில்லியம் கெல்சோ என்ற தொல்லியலாளர் தோண்டத் தொடங்கினார். அகப்பட்டது சுவர் இல்லை, கறை. நட்ட மரங்கள் மட்கிப்போன இடத்தில் மண் மட்டும் வட்ட வட்டமாக, வரிசையாகக் கறுத்திருந்தது. பந்தக்கால் பிடுங்கிய குழி மாதிரி என்று விளக்கினேன். அம்மாவுக்குச் சட்டென்று புரிந்தது. அந்த வரிசையிலேயே இப்போது மறுபடி மரம் நட்டு வேலி எழுப்பியிருக்கிறார்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் மியூசியத்துக்கு முதலில் நீங்கள் மட்டும் ஒரு நடை போய்வாருங்கள். 1609-10 குளிர்காலப் பஞ்சத்தில் இறந்த பதினான்கு வயதுப் பெண்ணின் மண்டையோடு அங்கே இருக்கிறது. ஆய்வாளர்கள் அவளுக்கு ஜேன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எலும்பில் வெட்டுக்காயங்கள் தெரியும். பசியில் அவள் உடலையே அறுத்துத் தின்றிருக்கிறார்கள். என் அம்மா அந்த அறையில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

1619 ஜூலையில் காலனியின் முதல் சட்டமன்றம் கூடிய தேவாலயம் இருந்த இடத்தோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் கிழக்கே நடங்கள். ஆஞ்செலா என்ற ஆப்பிரிக்கப் பெண் இருந்த மனையைத் தோண்டியிருக்கிறார்கள். அதே 1619இல்தான் அங்கோலாவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களை இந்தக் காலனியில் விற்கத் தொடங்கினார்கள். இங்கே குடியேறிய ஜான் ரால்ஃப் பயிரிட்ட புகையிலை அதற்குள் காசு பார்க்க ஆரம்பித்திருந்தது; புகையிலைத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாதிரி ஊர். குடிசைகளை வேகமாகப் பார்த்துவிட்டு, 1607இல் வந்த மூன்று கப்பல்களின் மாதிரிகளுக்குப் போங்கள். மூன்றில் மிகச் சிறியது டிஸ்கவரி. அசல் டிஸ்கவரியில் 21 பேர் நான்கு மாதத்துக்கு மேல் அடைந்து கிடந்து வந்தார்கள். சில சமயம் ஏதாவது ஒரு கப்பல் பழுதுபார்க்கப் போயிருக்கும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கால் வலித்தால் பக்கத்திலேயே, ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் ஸ்காட்லாந்து என்ற இடத்துக்குப் போகும் படகுத்துறை. காரோடு ஏற்றுவார்கள், காசு கிடையாது. மேல்தளத்துக்கு ஏறிவிடுங்கள், கப்பல்கள் அங்கிருந்து நன்றாகத் தெரியும். அப்பா கரையைப் பார்த்தபடியே வந்தார். “நெல்லு வேணா வரும்,” என்றார், பாதி ஆற்றில்.