வரையாட்டு ரத்தம்: பழி கூண்டின் மேல் விழுவது எப்படி

சென்ற மாதம் பயிற்சிக்கு வந்த மாணவி ஓர் அட்டவணையை நீட்டினார். “கூண்டில் வளர்ற வரையாட்டுக்கு ரத்தம் குறையுது சார்.” ஒரு காலத்தில் நானே எழுதிய வரி அது. ரத்தம் குழாயில் உறைவது, பெயர் எழுத மறப்பது எல்லாம் ஒரு தடவை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவை இங்கே வேண்டாம். தப்பான முடிவுக்குத் தள்ளும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பிடித்த விதத்தையும் நேரத்தையும் எழுதாமல் விடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். மிரண்டு ஓடும் ஆட்டுக்கு அட்ரினலின் பொங்கும். மண்ணீரல் சுருங்கி, தேக்கி வைத்த சிவப்பணுக்களை வெளியே தள்ளும். சில நிமிடங்களில் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறிவிடும். சைலசின் என்ற மயக்க மருந்து போட்டுப் படுக்க வைத்தால் நேர்மாறு: மண்ணீரல் தளர்ந்து சிவப்பணுக்களை உள்ளே வாங்கிக்கொள்ளும், பி.சி.வி. இறங்கும். கூடவே இன்சுலின் அடங்கி ரத்தச் சர்க்கரை ஏறும். வெள்ளையணுவும் இப்படித்தான். மிரண்ட உடனே எடுத்தால் அதில் ஒரு வகையான லிம்போசைட் கூடியிருக்கும். கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் வேலை செய்ய ஆரம்பித்து சில மணி நேரம் போனால் அதே ஆட்டில் குறைந்திருக்கும்.

காட்டிலிருந்து மீட்டு வந்த ஆடுகளுக்கு, வலையில் துள்ளிக்கொண்டிருக்கும்போதே ரத்தம் எடுத்திருந்தேன். பல வருடம் கூண்டில் இருந்தவற்றுக்கு சைலசின் மயக்கத்தில் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் முழுவதையும் கூண்டின் தலையில் கட்டினேன். மூத்த மருத்துவர் தாளைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “தம்பி, வலை விழுந்து எத்தனை நிமிஷத்துல குத்தினே?” பதிவேட்டில் தேதி மட்டும்தான் இருந்தது. ஒன்றரை வருட மாதிரிகள் குப்பைக்குப் போயின.

இப்போது என் படிவத்தில் முதல் கட்டமே வலை விழுந்த நேரம். அப்புறம் ஓடிய நேரம், மருந்தும் அளவும், ஊசி குத்திய நேரம். ஒன்று காலியாக இருந்தாலும் குழாயை வாங்க மாட்டேன்.

ரத்த அணு எண்ணும் மெஷினை நாய் செட்டிங்கிலேயே ஓட்டுவது

வெள்ளாட்டின் சிவப்பணு 3 முதல் 4 மைக்ரான்தான், மனிதனுடையதில் பாதி. நாய் செட்டிங்கில் மெஷின் அதைத் தட்டணு (பிளேட்லெட்) என்று எண்ணிவிடும். வரையாட்டுக்கும் இந்தச் சந்தேகத்தோடு ஸ்லைடைப் பாருங்கள்.

கண்ணிமை வெளுத்தால் ‘கூண்டு ஏக்கம்’ என்று எழுதுவது

முதலில் புழுக்கையைச் சோதியுங்கள். ரத்தம் குடிக்கும் புழு இருக்கலாம்.

எழுந்து ஓடிவிட்டது, முடிந்தது என்று கிளம்புவது

பிடிக்கும்போது மிரண்டு ஓடியதில் தசை சிதைந்தாலும், பிடித்தவுடன் எடுத்த ரத்தத்தில் சி.கே. (சிதைந்த தசையிலிருந்து கசியும் நொதி) பெரிதாகக் காட்டாது, அது ஏற மணிக்கணக்காகும். ஒரு கிடா என் கண் முன்னால் பாறை மேல் தாவி ஏறியது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மூன்றாம் நாள் பராமரிப்பாளர் கூப்பிட்டார். பின்னங்கால் விறைத்துப் படுத்திருந்தது. சிமென்ட் தரையில் அதன் சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் காய்ந்திருந்தது.