745 நாளில் தீர்ந்துபோகும் ஐடி: பெரிய டேட்டாபேஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஏற்காட்டுத் தம்பிகள் இரண்டு பேர் சேலம் ஐந்து ரோட்டில் என்னைப் பார்க்க வந்தார்கள். காபித் தோட்டங்களில் ஈரப்பதம் அளக்கும் சென்சார்களுக்கு டேட்டாபேஸ் வடிவமைத்திருந்தார்கள். பாஸ்வேர்டைக் கோடில் எழுதக் கூடாது, தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். ஆனால் முதல் டேபிளின் முதல் வரியிலேயே, பல வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தவறு இருந்தது.

ஐடிக்குச் சாதாரண இன்டிஜர்

ஐடி என்பது ஒவ்வொரு பதிவுக்கும் கொடுக்கும் வரிசை எண். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் அதற்குச் சீரியல் என்று போட்டால் கிடைப்பது 4 பைட் எண். 214,74,83,647-உடன் முடிந்துவிடும். 214 கோடி ஆயுசுக்கும் போதும் என்று எனக்கும் தோன்றியது. அப்போது சேலத்தில் ஒரு லாரி நிறுவனத்தின் ஜிபிஎஸ் பதிவுகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். 1,000 லாரி, 30 விநாடிக்கு ஒரு பதிவு என்றால் நாளொன்றுக்கு 28.8 லட்சம். 745 நாளில் எண் தீர்ந்துவிடும். ஐந்து நிமிஷக் கணக்கு இது. அன்றைக்குப் போடாமல் விட்டேனே என்று இன்றும் ஆத்திரம் வருகிறது.

விடிகாலை மூன்று மணிக்கு டிரிப் பார்க்கும் பையன் போன் செய்தான். "அண்ணா, மேப்புல ஒரு வண்டியும் நகர மாட்டேங்குதுங்க."

பதற்றத்தில் ஐடி ஃபீல்டை 8 பைட் எண்ணான பிக்இன்ட் ஆக்க, டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையைக் கொடுத்தேன். அது இன்னும் பெரிய தவறு. அந்தக் கட்டளை டேபிள் முழுவதையும் புதிதாக எழுதும். முடியும்வரை யாராலும் படிக்கக்கூட முடியாது. இன்னொரு டேபிள் அளவுக்கு டிஸ்க்கில் இடமும் வேண்டும். நான்கு மணி நேரத்தில் டிஸ்க் நிரம்பி, எல்லாம் பழைய நிலைக்கே திரும்பியது. அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸை மைனஸ் 214 கோடியிலிருந்து தொடங்க வைத்த பிறகுதான் வண்டிகள் நகர்ந்தன. அதற்கும் விலை உண்டு: ஐடி வரிசையில் அடுக்கிய ரிப்போர்ட்டுகளில் இன்றைய பதிவுகள் பழையவற்றுக்கு முன்னால் போய் நின்றன.

சரியான வழி நிதானமானது. புதிய பிக்இன்ட் ஃபீல்டு சேர்த்து, புதுப் பதிவுகள் அதிலும் தானாக எழுதப்பட டிரிகர் வைத்து, பழைய பதிவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகலெடுத்து, டேபிளைப் பூட்டாமல் இன்டெக்ஸ் கட்டி, கடைசியில் பெயரை மாற்றினோம். இந்த ஐடியைச் சுட்டும் மற்ற டேபிள்களின் ஃபாரின் கீ ஃபீல்டுகளையும் மறக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் பதிப்பு 10 முதல் சீரியலின் சீக்வென்ஸும் 4 பைட்தான், அதையும் மாற்ற வேண்டும்.

முதல் நாளே பிக்இன்ட் போட்டால் 100 கோடி பதிவுக்கு சுமார் 4 ஜிபி கூடும். அவ்வளவுதான்.

பழைய பதிவுகளை டெலீட் செய்வது

டேபிளை மாதவாரியாகப் பார்ட்டிஷன் என்ற துண்டுகளாகப் பிரித்துப் பழைய மாதத்தை மொத்தமாக டிராப் செய்யுங்கள். கோடிக்கணக்கில் டெலீட் கொடுத்தால் அழித்த பதிவுகளைத் துப்புரவு செய்யும் வேக்கம் திணறும், டிஸ்க்கில் இடமும் உடனே திரும்பாது.

முதல் நாளே ஷார்டிங்

ஷார்டிங் என்றால் டேட்டாவைப் பல சர்வர்களில் பிரித்து வைப்பது. முதல் நாளே வேண்டாம்.

ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்

2017 ஜனவரி 31 அன்று, கோடு சேமிக்கும் தளமான கிட்லேபில் தவறான சர்வரில் டேட்டா அழிக்கப்பட்டது. வைத்திருந்த பேக்கப் வழிகள் கைகொடுக்காமல், சுமார் ஆறு மணி நேரப் பதிவுகள் போயின. வேறு சர்வரில் ரீஸ்டோர் செய்து, எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று எழுதி வையுங்கள். தம்பிகளிடம் கேட்டேன், இதுவரை ஒருமுறைகூடச் செய்யவில்லையாம். இந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து செய்யப்போகிறோம்.