ஃபார்கோ தொட்டிப் பலகைக்குப் பூச்சு: அடியிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் பாத்திர வாடகைக் கடைக்கு ஓடுவது ஐயா வாங்கிய ஃபார்கோ பிக்கப். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பாகங்களைப் பூட்டி விற்ற வண்டிகளில் ஒன்று. கல்யாணம், சாந்தி, புதுமனை எதுவானாலும் அண்டா, தவலை, கொப்பரை எல்லாம் இன்றைக்கும் இதன் முதுகில்தான் ஏறும். தொட்டியின் தரை மரப்பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே நீளமான இரும்புப் பட்டை. அந்தக் காலத்து அமெரிக்க பிக்கப்களில் பெரும்பாலும் இதுதான் அமைப்பு. ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். தகரத்தில் வழுக்குகிற மாதிரி சாமான் வழுக்காது. பித்தளை உருண்டாலும் ஊரைக் கூட்டாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் புதுப்பலகை போட்டபோது ஆசை யாரை விட்டது? மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிற ஒருவரைக் கூப்பிட்டு மெலமைன் அடிக்கச் சொன்னேன். பங்குனியில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படியொரு பளபளப்பு. சித்திரை வெயிலில் மயிரிழை மாதிரி கீறல் விழுந்தது. ஐப்பசி மழை அந்தக் கீறல் வழியாக உள்ளே இறங்கி, பூச்சு வெங்காயத் தோலாக உரிந்தது. கார்த்திகையில் பார்த்தால் ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரமும் தூக்கி, நடு குழிந்து, பணியாரச் சட்டி மாதிரி தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தது.

பக்கத்துத் தெரு ஆசாரி அண்ணனைக் கூட்டி வந்தேன். அவர் மேலே தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. துண்டை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். அங்கிருந்தே குரல் வந்தது: "தம்பி, மழை மேலேருந்து மட்டுமா வருது? சக்கரம் வாரி அடிக்கிற தண்ணி எங்க போகும்?"

நான் அடிப்பக்கத்துக்கு ஒன்றுமே பூசவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று விட்டது. மேல்பக்கம் பூச்சால் அடைபட்டிருக்க, அடிப்பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்து உப்பியது. அடி விரிந்தால் ஓரம் மேலே தூக்கத்தானே செய்யும். பூசின கையைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. வீட்டுக்குள் இருக்க வேண்டிய பூச்சை வெயிலில் நிறுத்தச் சொன்னது நான்.

இனி வேலைக்கு வருகிறேன். பலகையை வண்டியில் வைத்துக்கொண்டே பூசலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கழற்றத்தான் வேண்டும். துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டாமல் அறுத்துவிடுங்கள், எப்படியும் புதுசு போடப் போகிறோம். எந்தப் பலகை எங்கே என்பதை உளியால் அடிப்பக்கத்தில் கோடு கீறி வையுங்கள். சாக்பீஸில் எழுதினால் உப்புத்தாள் போடும்போதே போய்விடும். நான் எழுதி, அது அழிந்து, அரைநாள் பலகையைத் திருப்பித் திருப்பிப் பொருத்திப் பார்த்தேன்.

மாற்றுப் பலகை வேண்டுமென்றால் நம் பக்கம் யோகம்தான். நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது கடல்தாண்டி வியாபாரத்துக்கு, பர்மா போன காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, இடித்த வீடுகளின் உத்திரமாகவும் விட்டமாகவும் காரைக்குடி பழைய மரக் கடைகளில் கிடக்கிறது. அறுக்கக் கொடுக்கும் முன் காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள், உள்ளே முறிந்த ஆணி இருந்தால் காட்டிக்கொடுக்கும். வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளுத்த மரம், இருக்கிற பக்கத்தைத் தள்ளிவிட்டு, நடுவில் வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். தேக்கைக் கரையான் தொடாது என்பது வைரத்துக்குத்தான் பொருந்தும். வெளிறைக் கரையான் பலகாரம் மாதிரி தின்னும்.

பழைய பலகையையே திரும்பப் போடுகிறவர்களுக்கு: இரும்புப் பட்டை உட்கார்ந்த இடத்தில் கருப்புக் கறை இருக்கும். இழைப்புளி போட்டும் போகாவிட்டால் ஆக்சாலிக் ஆசிட் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்துத் தடவி, கறை வெளுத்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அது விஷம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், நன்றாகக் கழுவிக் காயவைக்காமல் உப்புத்தாள் போடாதீர்கள், அந்தத் தூசி மூக்கில் ஏறக்கூடாது.

உப்புத்தாள் 80-ஆம் நம்பர், பிறகு 120, கடைசியில் 150. அத்தோடு நிறுத்துங்கள். வழவழப்பாக இருக்கட்டும் என்று மேலும் மேலும் தேய்த்தால் மரம் எண்ணெயைக் குறைவாகத்தான் உறியும்.

மாசி பிற்பாதியும் பங்குனியும் இந்த வேலைக்கு நல்ல காலம். எங்கள் ஊர்ச் செம்மண் தூசி ஈரப் பூச்சைக் கண்டால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் வீட்டுக்குள் இரண்டாங்கட்டு முற்றத்தில் வைத்துச் செய்கிறேன்: விடியற்காலையில் தரையில் தண்ணீர் தெளித்து, கால்மணி நேரம் கழித்துப் பிரஷை எடுப்பேன். நேர் வெயில் படுகிற இடத்தில் பூசினால் மேல்தோல் முதலில் காய்ந்து குமிழ் கட்டும்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. அதுதான் அதன் ஆயுள், பூச்சு ஒட்டாமல் போவதற்கும் அதுவே காரணம். தின்னர் நனைத்த துணியால் பலகையை அழுத்தித் துடைத்து, தின்னர் பறந்ததும் உடனே பூச வேண்டும். துடைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும், திரும்பத் துடைக்க வேண்டியதுதான்.

முதலில் அடிப்பக்கமும் இரண்டு பக்கவாட்டும். மர பிரைமர் ஒரு கை, அதன் மேல் கருப்பு சிந்தெடிக் எனாமல் இரண்டு கை. அழகு பார்க்க ஆளில்லாத இடத்தில் பெயிண்டைவிட நல்ல காவல் கிடையாது. சொல்லப்போனால், அந்நாளில் பல வண்டிகள் கம்பெனியிலிருந்தே பலகைக்குப் பெயிண்ட் அடித்துத்தான் வந்தன. கண்காட்சியில் நிற்கும் வண்டிகளின் தேன்நிறப் பளபளப்பு பிற்காலத்து ஆசை.

அடுத்தது பலகையின் இரண்டு முனைகள். மரத்தை ஒரு கட்டு உறிஞ்சுகுழலாக நினைத்துக்கொண்டால் முனைதான் அதன் வாய். மற்ற எல்லா இடத்தையும்விடத் தண்ணீர் குடிப்பது அங்கேதான், உளுப்பதும் அங்கேதான் ஆரம்பிக்கும். மரைன் வார்னிஷையும் டர்பன்டைனையும் சரிபாதி கலந்து முனையில் வையுங்கள். வைத்த நொடியே காணாமல் போகும். திரும்ப வையுங்கள். நான் ஒரு பலகையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி எண்ணினேன்: ஏழாவது முறைதான் வார்னிஷ் மேலேயே ஈரமாக நின்றது. மரம் போதும் என்று சொல்லும்வரை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பிறகு கலக்காத வார்னிஷ் இரண்டு கை.

மேல்பக்கத்துக்கு இரண்டு வழி. ஊர்வலத்துக்கும் கண்காட்சிக்கும் மட்டும் போகிற வண்டியென்றால் வெயிலைத் தாங்கும் மரைன் வார்னிஷ், ஐந்தாறு கை, கைக்குக் கை நடுவே 320 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து. கண்ணைப் பறிக்கும். என் வண்டி அண்டா இழுக்கிற வண்டி. வார்னிஷ் படலத்தில் ஒரு பித்தளை விளிம்பு கோடு போட்டால் அந்தக் கோட்டை மட்டும் சரிசெய்ய வராது. ஒரு பலகையையே சுரண்ட வேண்டும். அதனால் படலமே கட்டாத எண்ணெய்ப் பூச்சு.

என் கலவை: டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்), மரைன் வார்னிஷ், டர்பன்டைன், மூன்றும் சமபங்கு. வெறும் லின்சீட் போதாதா என்று கேட்பார்கள். மழைக்காலத்தில் அது கருப்புப் பூஞ்சையைக் கூப்பிடும். முந்திரிக்கொட்டை எண்ணெயைப் படகுக்குப் பூசுகிறார்களே என்றும் ஒருவர் யோசனை சொன்னார். பூசிப் பார்த்தேன். பலகைக்கு என்ன ஆனதோ, என் மணிக்கட்டில் கொப்புளம் ஆற இரண்டு வாரமானது.

கலவையைத் தாராளமாகத் தடவி இருபது நிமிஷம் விடுங்கள். எங்கே மங்கலாகிறதோ அங்கே மரம் குடித்துவிட்டது, இன்னும் கொஞ்சம் விடலாம். பிறகு மிச்சத்தையெல்லாம் பழைய வேஷ்டித் துணியால் வழித்துத் துடைக்க வேண்டும். இந்தத் துடைப்பில்தான் வேலை கெடுகிறது. எண்ணெய் கூட இருந்தால் நல்லதுதானே என்று விட்டால், மேலே தங்கியது மாசக்கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும், செம்மண் முழுக்க அதில் படியும். புறங்கையால் தடவினால் ஒட்டக்கூடாது, அதுதான் அளவு. ஒருநாள் விட்டு ஒருநாள், நாலு கை. கடைசிக் கைக்குப் பிறகு ஒரு வாரம் சுமை ஏற்றாதீர்கள்.

அந்தத் துணி! முதல் தடவை துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து எடுக்கக் கைவைத்தால், கொப்பரையிலிருந்து அப்போதுதான் இறக்கிய இட்லித் துணி மாதிரி சூடு. பக்கத்தில் நெருப்பும் இல்லை, வெயிலும் இல்லை. லின்சீட் காய்வது என்றால் காற்றோடு சேர்ந்து வேதிமாற்றம் ஆவது. அதில் வெப்பம் பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகவே தீப்பிடிக்கும். இரண்டாங்கட்டு முழுக்க மரத்தூண். அன்றிலிருந்து துணியை ஒற்றையாக விரித்து வெளிக்கொடியில் காயப்போடுகிறேன், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வைக்கிறேன். வேலையாள் செய்தாலும் இதை மட்டும் நானே பார்ப்பேன்.

பூட்டுவது சுருக்கமான வேலை. இரும்புப் பட்டைக்கும் அடியிலுள்ள குறுக்குச் சட்டத்துக்கும் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு, அதன்மேல் பெயிண்ட். பலகைகளை நெருக்கி அடிக்காதீர்கள். ஐந்து அங்குலத் தேக்குப் பலகை கோடைக்கும் மழைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகலம் மாறும். போல்ட் தாராளமாக இறங்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள், பட்டை அதை மூடிக்கொள்ளும். போல்ட் அந்த இடைவெளியில்தான் இறங்குகிறது, பலகையைத் துளைப்பதில்லை. பழைய ஆட்கள் போட்ட கணக்கு அது: பலகை தன்னிஷ்டத்துக்கு விரியலாம், சுருங்கலாம். அந்த இடைவெளியில் எம்-சீலோ சிலிகானோ அடைப்பது கெடுதல். இறங்கிய தண்ணீர் வெளியேற முடியாமல் உள்ளேயே ஊறும். ஸ்டீல் கேரேஜ் போல்ட், அடியில் அகல வாஷர். ஒரு மாதம் ஓடியபின் எல்லா நட்டையும் ஒரு சுற்று முடுக்குங்கள்.

பிறகு பராமரிப்பு. சுமை ஏற்றும் முன் மணலைக் கூட்டித் தள்ளுங்கள். அண்டாவுக்கு அடியில் மாட்டிய மணல் உப்புத்தாளுக்குச் சமம். மழையில் தார்ப்பாய் போட்டால், மழை விட்டதும் எடுத்துவிடுங்கள். நான் முன்பு புளியமரத்தடியில் நிறுத்துவேன். ஈர இலை பட்டையோரம் அடைந்து கருப்புக் கறை வந்ததும் இடத்தை மாற்றினேன். இப்போது வண்டி வீட்டு முகப்புப் பக்கம், மூக்கு சற்றே மேடாக இருக்கும்படி நிற்கிறது, தண்ணீர் பின்கதவு வழியாக ஓடிவிடும்.

பொங்கல் முடிந்ததும் ஒவ்வொரு பலகையிலும் ஒரு கை தண்ணீர் தெளிப்பேன். துளி முத்தாக நின்றால் விட்டுவிடலாம். பரந்து உறிந்தால் அந்த இடம் எண்ணெய் கேட்கிறது. இந்த வருஷம் பின்கதவை ஒட்டி ஒரு முழ நீளம் மட்டும் குடித்தது, பையன்கள் கொப்பரையைச் சாய்த்து இழுக்கிற இடம். 150 தாளால் நாலு தேய், ஒரு கை எண்ணெய், அரைமணி நேரம். மிச்சக் கலவையை அப்பத்தா அறைக் கதவுக்குத் தடவினேன். துணியைக் கொடியில் விரித்தாயிற்று.