அப்சிடியனுக்கு டேப் பிளகின் எழுதுவது: முதலில் மீட்பு, அப்புறம் மூடல்

அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் செயலியில் டேப்களை நிர்வகிக்க பிளகின் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் 'மூடு' பொத்தானில்தான் ஆரம்பிக்கிறார்கள். நெடுநேரம் தொடாத டேப்பை மூடு, ஒரே நோட் இரண்டு இடத்தில் திறந்திருந்தால் ஒன்றை மூடு, வலப்பக்கம் இருப்பதையெல்லாம் மூடு. நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரான வரிசை. மூடியதைத் திரும்பக் கொண்டுவரும் பகுதியை முதலில் எழுதுங்கள். அதைச் சோதித்து நம்பிக்கை வந்த பிறகு மூடும் பகுதியில் கை வையுங்கள். இந்த வரிசையில் எழுதினால் நிரலும் நன்றாக அமையும், பின்னால் வரும் புகார்களும் பாதியாகக் குறையும்.

நான் நீடாமங்கலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். இந்தப் பிளகினைத் தொடங்கியது சித்தப்பாவுக்காக. அவர் சாகுபடிக் கணக்கு முழுவதையும் அப்சிடியனில்தான் வைத்திருக்கிறார். ஜூன் 12 நெருங்கும்போது மேட்டூர் நீர்மட்டம், நாற்றங்கால், ஏ.டி.டி. 43 விதை வாங்கிய கணக்கு என்று ஒரு கூட்டம் டேப் திறந்திருக்கும். குறுவை அறுத்துத் தாளடிக்கு உழும்போது வேறொரு கூட்டம். தை பிறந்தால் கொள்முதல் நிலையம், 17 சதவீத ஈரப்பதம், சாக்கு, வங்கியில் பணம் ஏறிய தேதி என்று இன்னொன்று. திறந்து கிடக்கும் ஒவ்வொரு டேப்பும் அவருக்கு இன்னும் முடியாத ஒரு வேலை. அதை எடுத்து ஓரமாக வைத்து, கேட்கும்போது அப்படியே தர வேண்டும். அந்த ஒரு தேவையிலிருந்துதான் மற்றதெல்லாம் வந்தது.

தொடங்கும் முன் அப்சிடியனிலேயே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2022 அக்டோபரில் வந்த 1.0 பதிப்பில்தான் இப்போதுள்ள டேப் அமைப்பு வந்தது. கடைசியாக மூடிய டேப்பைத் திரும்பத் திறக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். 'வொர்க்ஸ்பேசஸ்' என்ற உள்ளமைந்த பிளகின் திரையின் முழு அமைப்பையும் பெயர் வைத்துச் சேமிக்கும். ஆனால் அதைத் திரும்ப ஏற்றினால் இப்போது திறந்திருப்பது போய் பழைய அமைப்பு வந்து உட்காரும். தாளடி வேலைக்கு நடுவில் குறுவைக் கணக்கு நாலு நோட்டை மட்டும் கூடுதலாகக் கொண்டுவர வேண்டுமென்றால் அது உதவாது. உங்கள் பிளகினுக்கான இடம் அங்கேதான் இருக்கிறது.

தயாரிப்பு

இது சுருக்கமானது. ஜாவாஸ்கிரிப்டைக் கணினியில் இயக்கும் நோட்.ஜேஎஸ் நிறுவுங்கள். அப்சிடியன் குழு, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்திருக்கும் மாதிரிப் பிளகினை எடுத்து, சோதனைக்கென்று புதிதாக உருவாக்கிய வால்ட்டுக்குள் (நோட்டுகளை வைக்கும் ஃபோல்டர்) '.அப்சிடியன்' ஃபோல்டரில் 'பிளகின்ஸ்' என்பதன் கீழ் வையுங்கள். மேக்கிலும் லினக்ஸிலும் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியாது, மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்ல வேண்டும். ஃபோல்டரின் பெயரும், பிளகினின் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் உள்ள ஐடியும் ஒன்றாக இருக்கட்டும். அந்த ஃபோல்டரில் கட்டளை வரியைத் திறந்து என்பிஎம் இன்ஸ்டால், பிறகு என்பிஎம் ரன் டெவ் என்று இயக்குங்கள். டைப்ஸ்கிரிப்டில் எழுதுவது ஒரே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாகக் கட்டப்பட்டு வந்துவிடும். உங்கள் சொந்த நோட்டுகள் இருக்கும் வால்ட்டில் மட்டும் சோதிக்காதீர்கள்.

டேப் என்றால் உள்ளே என்ன

நிரலில் டேப்புக்குப் பெயர் 'லீஃப்'. ஒவ்வொரு லீஃபுக்குள்ளும் ஒரு 'வியூ' இருக்கும்: மார்க்டவுன் நோட், படம், பிடிஎஃப், எதுவாகவும் இருக்கலாம். லீஃப்கள் சேர்ந்து ஒரு டேப் குழு, குழுக்கள் சேர்ந்து திரைப் பிரிவுகள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இடது, வலது பக்கப் பட்டைகளில் இருக்கும் கோப்புப் பட்டியல், தேடல், இந்த நோட்டைச் சுட்டும் மற்ற நோட்டுகளின் பட்டியல் எல்லாமும் லீஃப்கள்தான். 'இட்டரேட்ஆல்லீவ்ஸ்' என்று அழைத்தால் அவையும் சேர்ந்தே வரும். அந்தப் பட்டியலை வாங்கி 'எல்லாவற்றையும் மூடு' என்று எழுதினால், கோப்புப் பட்டியலும் காணாமல் போய் பயன்படுத்துபவர் திகைத்து நிற்பார். நடுப்பகுதி மட்டும் வேண்டுமென்றால் 'இட்டரேட்ரூட்லீவ்ஸ்'.

சேமிப்பதற்கு இரண்டு விஷயம் தேவை. ஒன்று, 'கெட்வியூஸ்டேட்' தருவது: என்ன வகை வியூ, எந்தக் கோப்பு, படிக்கும் நிலையா எழுதும் நிலையா, பின் குத்தியிருக்கிறதா. இன்னொன்று, 'கெட்எஃபெமரல்ஸ்டேட்': கர்சர் எங்கே நின்றது, எவ்வளவு தூரம் உருட்டியிருந்தார். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீண்ட நோட்டின் நடுவில் நிறுத்தியவருக்கு அது இல்லாமல் திரும்பக் கொடுப்பது பாதி கொடுத்ததுதான். மீட்கும்போது புதிய டேப் எடுத்து, 'செட்வியூஸ்டேட்'டுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். கடைசி டேப்பை மட்டும் முன்னால் வரச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்து வந்து போகும்.

இப்போது மூடும் வரிசை. முதலில் மூட வேண்டிய லீஃப்களை ஒரு பட்டியலில் எடுத்துக்கொள்ளுங்கள். பின் குத்திய டேப்களை அதிலிருந்து விலக்குங்கள். ஒருவர் பின் குத்துவதே அது போகக் கூடாது என்பதற்காகத்தான். நிலைகளைச் சேமியுங்கள். பிளகினின் டேட்டா கோப்பை வட்டில் எழுதும் 'சேவ்டேட்டா' முடியும்வரை 'அவெய்ட்' போட்டுக் காத்திருங்கள். அதன் பிறகே டேப்பை மூடும் 'டிடாச்'. வட்டில் எழுதி முடிக்கும் முன் ஒரு டேப்பும் மூடக் கூடாது. பிளகின் அணையும்போது சேமித்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழையோடு மின்சாரமும் சேர்ந்து போகும். சித்தப்பா வைத்திருப்பது மேசைக் கணினி. மின்சாரம் போனால் 'ஆன்அன்லோடு' என்ற பகுதி ஓடவே ஓடாது. மாற்றம் நடந்த கையோடு சேமியுங்கள். 'லேஅவுட் சேஞ்ச்' நிகழ்வு ஒரு சொடுக்குக்கே பலமுறை வரும் என்பதால், அப்சிடியனே தரும் 'டிபவுன்ஸ்' கொண்டு அதைக் கொஞ்சம் ஆற வைத்து எழுதுங்கள்.

இப்படிச் சேர்த்துச் சேமித்த டேப்களின் தொகுப்பை இனி குழு என்கிறேன். ஒரு குழுவைச் சேமிப்பதற்கும் மீட்பதற்கும் நடுவில் மாதங்கள் போகலாம். அதற்குள் நோட்டின் பெயர் மாறியிருக்கும், வேறு ஃபோல்டருக்குப் போயிருக்கும். வால்ட்டின் 'ரீநேம்' நிகழ்வைக் கேட்டு, சேமித்த பாதைகளையும் மாற்றிக்கொண்டே வாருங்கள். அப்சிடியன் மூடியிருந்தபோது பெயர் மாறியிருந்தால் அந்த நிகழ்வு வராது. அப்போது குழுவில் அந்தப் பெயரை 'கோப்பு கிடைக்கவில்லை' என்று காட்டி, புதிய கோப்பைத் தேர்ந்தெடுக்க வழி கொடுங்கள். சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து நீக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். இருந்தது என்ற நினைவாவது மிஞ்ச வேண்டும்.

கைபேசியிலும் கணினியிலும் ஒரே வால்ட்டை ஒத்திசைப்பவர்கள் நிறைய. அங்கே எழுதியது இங்கே வந்து சேரும்போது உங்கள் டேட்டா கோப்பு வெளியிலிருந்து மாறும். அதைத் தெரிவிக்க 'ஆன்எக்ஸ்டர்னல்செட்டிங்ஸ்சேஞ்ச்' என்று ஒரு வழி இருக்கிறது. குழு ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளமும் கடைசியாக மாறிய நேரமும் வைத்து, இரு பக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

உறங்கும் டேப்கள்

1.7.2 பதிப்பிலிருந்து, அப்சிடியன் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத டேப்களை முழுதாக ஏற்றுவதில்லை. உள்ளே 'டிஃபர்டு வியூ' என்ற ஒரு வெற்று வியூ மட்டும் இருக்கும். டேப்பைச் சொடுக்கியதும் உண்மையான வியூ வந்து உட்காரும். டேப் பிளகின் எழுதுபவருக்கு இதைவிட முக்கியமான மாற்றம் வேறில்லை. 'லீஃப்.வியூ.ஃபைல்' என்று நேராகக் கேட்டால் இந்த டேப்களில் ஒன்றும் கிடைக்காது. வியூவைத் தொடும் முன் 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' வைத்து என்ன வகை என்று பாருங்கள். பட்டியல் காட்ட மட்டும் என்றால் வியூ தேவையே இல்லை, 'கெட்வியூஸ்டேட்'டில் கோப்பின் பாதை அப்படியே இருக்கிறது. 'லோடுஇஃப்டிஃபர்டு' என்று எல்லா டேப்பையும் எழுப்பிவிடும் குறுக்குவழியை நான் எதிர்க்கிறேன். வேகத்துக்காக அவர்கள் செய்ததை நாம் ஒரே வரியில் கெடுத்துவிடுவோம், பழைய கணினி வைத்திருப்பவர்தான் அதற்கு விலை கொடுப்பார்.

தொடக்க வேலைகளை, திரை அமைப்பு ஏறி முடிந்ததும் ஓடும் 'ஆன்லேஅவுட்ரெடி'க்குள் வையுங்கள். அதற்கு முன் டேப்களைக் கேட்டால் பட்டியல் வெறுமையாகவோ அரைகுறையாகவோ வரும். வால்ட்டின் 'கிரியேட்' நிகழ்வை அதற்கு முன்பே கேட்க ஆரம்பித்தால், ஏற்கெனவே இருக்கும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் அந்த நிகழ்வு வரும்.

தமிழ்த் தலைப்புகள்

இந்தப் பகுதியை நம்மைத் தவிர வேறு யாரும் கவனிக்கப் போவதில்லை. டேப்பின் அகலம் குறைவு, தலைப்பு நீளம். நீளத்தைக் கணக்கிட்டு 'ஸ்லைஸ்' போட்டு வெட்டினால் எழுத்து உடையும். 'கொள்முதல்' என்பது கணினிக்கு ஒன்பது குறியீடுகள். எட்டில் வெட்டினால் புள்ளி போய் 'கொள்முதல' ஆகிவிடும். முடிந்தவரை வெட்டும் வேலையை, திரைத் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸிடமே விடுங்கள். நிரலில்தான் வெட்ட வேண்டுமென்றால் 'இன்ட்டல் செக்மென்ட்டர்' கொண்டு எழுத்து எழுத்தாகப் பிரித்து வெட்டுங்கள்.

வரிசைப்படுத்தலும் அப்படியே. வெறும் 'சார்ட்' யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அதில் ளகரம் ழகரத்துக்கு முன்னால் வரும், அதனால் 'களையெடுப்பு' முதலிலும் 'கழனிக் கணக்கு' அடுத்தும் நிற்கும். அகராதி பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறுத்தும். 'இன்ட்டல் கொலேட்டர்' எடுத்து மொழி 'டிஏ' என்று கொடுத்தால் சரியாகும். இன்னொன்று: 'கொ' என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டு குறியீடாகவும் வரலாம். பார்வைக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு. கோப்புப் பெயர்களை ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் 'நார்மலைஸ்' செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். 'அதே நோட் இரண்டு தடவை திறக்கிறது' என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

வெளியிடுவது

கிட்ஹப் ரிலீசில் இடும் குறிச்சொல் மேனிஃபெஸ்ட்டில் உள்ள பதிப்பு எண்ணோடு அச்சுப்பிசகாமல் பொருந்த வேண்டும். முன்னால் 'வி' சேர்க்கக் கூடாது. கட்டிய ஜாவாஸ்கிரிப்ட், மேனிஃபெஸ்ட், இருந்தால் சிஎஸ்எஸ், இவற்றைத் தனித்தனிக் கோப்பாக இணையுங்கள். ஐடியில் 'அப்சிடியன்' என்ற சொல் வேண்டாம். குறுக்கு விசைகளை நீங்களே அமைக்காதீர்கள், அவரவர் கைப்பழக்கம் அவரவருக்கு. பிளகின் அணையும்போது உங்கள் பக்கப் பட்டை லீஃபை 'டிடாச்' செய்யவும் வேண்டாம். செய்தால், புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் நகர்த்தி வைத்த இடத்திலிருந்து அது மாறிவிடும்.

ஆதரவு

"தம்பி, தாளடி நோட்டையெல்லாம் சேர்த்து மூடிட்டேன். போச்சா?" இது சித்தப்பாவின் குரல் செய்தி. தொலைவிலிருந்து வரும் புகார்களிலும், எந்த மொழியில் இருந்தாலும், அடியில் இந்தக் கேள்விதான் இருக்கிறது. ஆகவே பதிலின் முதல் வரி எப்போதும் இதுதான்: உங்கள் நோட் பத்திரமாக இருக்கிறது, டேப்பை மூடினால் கோப்பை யாரும் தொடுவதில்லை. அதைச் சொன்ன பிறகு பதிப்பு எண் கேளுங்கள். பயந்திருப்பவரிடம் முதலில் படிவம் நீட்டக் கூடாது.

அப்புறம் கேட்க வேண்டியவை: அப்சிடியன் பதிப்பு, பிளகின் பதிப்பு, கணினியா கைபேசியா. 'ஷோ டீபக் இன்ஃபோ' என்ற கட்டளை இவற்றில் பெரும்பகுதியை மொத்தமாகத் தந்துவிடும், நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள். அதிலேயே மற்ற பிளகின்களின் பட்டியலும் இருக்கும். டேப்களைத் தொடும் வேறொரு பிளகின் அதில் கண்ணில் பட்டால் பாதி விடை கிடைத்த மாதிரி. 'ஓபன் சாண்ட்பாக்ஸ் வால்ட்' கட்டளையால் திறக்கும் வால்ட்டில் உங்கள் பிளகினை மட்டும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் வந்தால் குற்றம் உங்கள் நிரலில்.

தஞ்சாவூரில் கோயில் கல்வெட்டுகளைப் படியெடுத்துக் குறிப்பெழுதும் ஓர் அக்கா இதைப் பயன்படுத்துகிறார். ஒரு திரையில் கல்வெட்டுப் படம், இன்னொன்றில் வாசகம். அதற்காக டேப்பைத் தனிச் சன்னலாக இழுத்துப் போட்டிருப்பார். அந்தச் சன்னலுக்குத் தனி 'டாக்குமென்ட்' உண்டு. வெறும் 'டாக்குமென்ட்' என்று எழுதிய நிரல் முதன்மைச் சன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும். 'ஆக்டிவ்டாக்குமென்ட்' வேண்டும். பயனர் எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறார் என்று கேட்டால் இப்படிப்பட்டவை ஐந்து நிமிடத்தில் பிடிபடும், பிழைச் செய்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பிடிபடாது.

வாட்ஸ்அப்பில் குரலாக வருவதை நானே எழுத்தாக்கி கிட்ஹப்பில் பதிவு செய்கிறேன், தமிழிலும் ஆங்கிலத்திலும். அடுத்தவர் தேடும்போது கிடைக்க வேண்டும். புதிய வசதி கேட்பவர்களுக்கு என் அளவுகோல் ஒன்றுதான்: அதைச் செயல்படுத்திய பின் ஒரே கட்டளையில் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? முடியாது என்றால் சேர்ப்பதில்லை. டேப்பின் தலைப்புப் பட்டை போன்ற, ஆவணத்தில் இல்லாத உள்பகுதிகளைத் தொடும் வேண்டுகோள்களிலும் நான் கண்டிப்பு. அவை எந்தப் பதிப்பிலும் சொல்லாமல் மாறலாம். தொட்டே ஆக வேண்டுமென்றால், அது இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத் தொடுங்கள். இல்லாதபோது அந்த அலங்காரம் மட்டும் நிற்கட்டும், மீட்கும் பகுதி ஓட வேண்டும்.

கடைசியாக ஒரு கட்டளை சேருங்கள்: எல்லாக் குழுக்களையும் ஒரு சாதாரண நோட்டாக எழுதித் தருவது. குழுவின் பெயர் தலைப்பாக, அதன் கீழ் வரிக்கு ஒன்றாக இரட்டைச் சதுர அடைப்புக்குள் நோட்டின் இணைப்பு, சேமித்த தேதி. பெயர் ஒத்த நோட்டுகள் குழம்பாமல் இருக்க முழுப் பாதையையும் இணைப்பில் எழுதுங்கள். உங்கள் பிளகினை நீக்கிய பிறகும், நீங்கள் பராமரிப்பதை நிறுத்திய பிறகும், அந்த நோட்டைத் திறந்து ஒவ்வொரு இணைப்பாகச் சொடுக்கினால் அவர்கள் வேலை அவர்களுக்குக் கிடைத்துவிடும்.