கலியாண வீட்டில் எதற்குத் தாராளமாகச் செலவழிப்பது

நாள் குறித்து மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்பே, இரண்டு வீட்டாரும் ஒரு கொப்பியை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது இருந்து பேச வேண்டும். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் இது நடப்பதில்லை. முதலில் மண்டபம், பிறகு சோடனைக்காரர், பிறகு கமராக்காரர் என்று ஒவ்வொருவராக வரவர, அவரவர் காட்டும் படங்களைப் பார்த்துத் தலையாட்டிவிடுகிறோம். சமையலுக்கும் மேளத்துக்கும் வந்து சேரும்போது கையில் இருப்பது மிச்சப் பணந்தான். மகள் முறையான என் பெறாமகளின் கலியாணத்திலும், ஐந்து ஆண்டுகள் கழித்து என் மகளின் கலியாணத்திலும் முன்னின்று செய்தவள் என்ற முறையில், எதற்குத் தாராளம் காட்டுவது என்பதை எந்தக் கடைக்குள்ளும் கால் வைக்குமுன் தீர்மானித்துவிட வேண்டும் என்பதையே முதலாவதாகச் சொல்வேன்.

அந்தக் கொப்பியில் முதலில் எழுத வேண்டியது பணத்தொகை அல்ல, ஆட்களின் தொகை. இலை, கதிரை, தாம்பூலப் பை, ஊரிலிருந்து வரும் பஸ் எல்லாமே தலைக்கணக்கில் பெருகுபவை. ஓர் இலைக்கு 1500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முகம் மறந்துபோன 100 பேரைக் கூட்டுவது 150,000 ரூபாய். அந்தப் பணத்தை மற்ற 300 பேருடைய சாப்பாட்டில் சேர்த்தால், இலைக்கு 500 ரூபாய் கூடுதலாக வைக்கலாம். ஆகையால் தாராளம் தொடங்குமிடம் பெயர்ப்பட்டியல். யாரைக் கூப்பிடாமல் விடுவது என்ற மனச்சங்கடத்தை முதல் வாரத்திலேயே அனுபவித்து முடித்துவிடுவது நல்லது.

அடுத்ததாக, பொம்பிளை ஒரு காரியத்தையும் மாப்பிள்ளை ஒரு காரியத்தையும், ஒருவருடையதை மற்றவர் பார்க்காமல், தனித்தனித் தாளில் எழுத வேண்டும். பெற்றோர் எல்லோரும் சேர்ந்து ஒன்றை எழுத வேண்டும். இந்த மூன்றுக்கும் விலை பேசிக் குறைக்காமல் நல்லதையே எடுப்பது, மற்ற எல்லாவற்றிலும் நடுத்தரமானதை எடுப்பது என்று அன்றைக்கே ஒத்துக்கொள்ள வேண்டும். என் மகள் எழுதியது மேளம். அவளுக்கு அவ்வளவு விருப்பம் இருந்ததை இருபத்தேழு ஆண்டுகள் வளர்த்த நான் அறிந்திருக்கவில்லை. மாப்பிள்ளை படப்பிடிப்பை எழுதினார். நாங்கள் பெரியவர்கள் சாப்பாட்டை எழுதினோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

பெறாமகளின் கலியாணத்தில் மணவறைக்குக் கொழும்பிலிருந்து ஓர்கிட் பூக்கள் இறக்கினோம். சமையல்காரருக்கு 400 பேர் என்று சொல்லியிருந்தோம். அவரும் இரண்டு பந்தியில் முடியும் என்ற கணக்கிலேயே அடுப்பேற்றியிருந்தார். நெடுந்தீவிலிருந்து விடியப்புறம் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து வந்த பெரியப்பா மூன்றாம் பந்தியில் அமர்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்து உள்ளங்கையால் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். சோறும் பருப்பும் வந்தன. கத்தரிக்காய்க் கறியின் குழம்பு மட்டும் வந்தது. வடையும் பாயாசமும் வரவில்லை. அவர் எதுவும் கேட்காமல், "எனக்குப் போதும் பிள்ளை" என்று சொல்லி இலையை மடித்துவிட்டு எழுந்தார். அந்த நேரத்தில் மண்டபத்தின் முன்பக்கம் அந்த ஓர்கிட் பூக்களைப் பிடுங்கிச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா இப்போது இல்லை. அந்த மடித்த இலை என் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை.

எனவே சாப்பாட்டில் செலவழியுங்கள். ஆனால் கறிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக அல்ல. பதினைந்து கறி வைத்து ஒவ்வொன்றிலும் அரைக்கரண்டி போடுவதைவிட, பருப்பு, பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், பச்சடி, அப்பளம், மோர்மிளகாய், வடை, ரசம், தயிர், பாயாசம் என்று பழகிய வரிசையை வைத்து, கடைசிப் பந்திக்கும் அதே சூட்டில் இரண்டாந்தரம் கேட்டுப் பரிமாறுவதே விருந்து. அதற்குச் செலவாவது மூன்று இடங்களில்: நல்ல அரிசியும் நெய்யும், பரிமாறுவதற்குப் போதிய ஆட்கள், சொன்ன தொகைக்கு மேலே பத்தில் ஒரு பங்கு கூடுதலான சமையல். பரிமாறும் ஆட்களைக் குறைத்தால், சமையல் எவ்வளவு திறமாக இருந்தாலும் பந்தி இழுபட்டு, வயோதிபரும் சலரோகக்காரரும் பசியோடு நிற்க வேண்டி வரும். சமையல்காரரைத் தெரிவு செய்யும்போது அவருடைய மாதிரிச் சாப்பாட்டை ருசி பார்த்து முடிவெடுக்காமல், அவர் செய்யும் வேறொரு கலியாணத்தின் கடைசிப் பந்தியைப் போய்ப் பாருங்கள். பலகாரத்தை மட்டும் முடிந்தால் வீட்டிலேயே சுடுங்கள். பயற்றம் பணியாரமும் அரியதரமும் முறுக்கும் சுடுவதற்கென்று மாமிமாரும் சித்திமாரும் கூடியிருக்கும் அந்த ஒரு நாளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது, செலவும் குறைவு.

தாலிக்கொடி மாப்பிள்ளை வீட்டாரின் பொறுப்பு என்றாலும், அதன் பாரத்தைப் பற்றிய பேச்சு இரண்டு வீட்டையும் வதைக்கக்கூடியது. 9, 11, 15, 21 என்று ஒற்றை எண்ணில் பவுண் கணக்குப் பேசுவார்கள். ஒரு பவுண் 8 கிராம் என்பதால் 11 பவுண் கொடி என்பது 88 கிராம் தங்கம். ஊரில் இன்னாருக்கு எத்தனை பவுண் போட்டார்கள் என்று பார்த்து இந்த எண்ணைத் தீர்மானிப்பது கூடாது. கடன்படாமல், வேறொன்றை அடகு வைக்காமல் எத்தனை பவுண் முடியுமோ அதுவே சரியான எண். அந்த எல்லைக்குள், நகையென்று வாங்குகிற பணத்தில் பெரும்பங்கைக் கொடியிலேயே போடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. முறுக்கிய கொடியில் இருப்பது அனேகமாகத் தங்கந்தான். கல் பதித்த அட்டியலிலும் பதக்கத்திலும் கல்லுக்கும் செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் கொடுத்த காசு, விற்கப் போகும் நாளில் திரும்பி வராது. விலை கேட்கும்போது அது 22 கரட்டுக்கா 24 கரட்டுக்கா, கல்லின் நிறையைக் கழித்தார்களா, செய்கூலி எவ்வளவு என்ற மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். நெற்றிப்பட்டம், ஒட்டியாணம், சடைநாகம் போன்று ஒரே நாள் அணிபவற்றை வாடகைக்கு எடுப்பதில் குறைவொன்றும் இல்லை.

கொடியைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்று உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்துக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுவதும் வீடுகளை விட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, அம்மா தாலிக்கொடியைச் சீலைத்துண்டில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இருந்துகொண்டு, கொடியில் கோத்திருந்த இரண்டு பவுண் காசுகளில் ஒன்றைக் கழற்றி ஐயாவின் கையில் கொடுத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அடுத்த இரண்டு மாதங்கள் நாங்கள் உண்டது அந்தக் காசில். 2022 பொருளாதார நெருக்கடியில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில வாரங்களுக்குள் 350 ரூபாயைத் தாண்டியபோதும், வங்கியில் இருந்த ரூபாய் தேய்ந்ததே தவிரத் தங்கம் தேயவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நாள் நெருங்கும்வரை காத்திராமல், முடிந்தபோதெல்லாம் ஒன்றிரண்டு பவுணாகச் சேர்த்து வைப்பது புத்தி. பொன்னுருக்கை வீட்டிலேயே, நெருங்கிய உறவினருடன், கும்பம் வைத்து எளிமையாகச் செய்யுங்கள். உருக்கிய பொன்னைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் தொட்டு வாழ்த்தும் அந்தச் சடங்குக்கு மண்டபமும் மேடையும் வேண்டியதில்லை.

கூறை (முகூர்த்தச் சேலை) விடயத்தில் அதன் விலையைவிட, அதை வாங்கப் போகும் பயணத்தின் விலையையே கவனிக்க வேண்டும். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியபின், ஏழெட்டுப் பேர் சேர்ந்து போய் ஒரு கிழமை விடுதியில் தங்கி வருவது வழக்கமாகிவிட்டது. பொம்பிளையும் துணி அறிந்த ஒருவரும் மட்டும் போனால், மிஞ்சும் பணத்தில் கூறையையே ஒருபடி உயர்ந்ததாக எடுக்கலாம். கூறை பெட்டியில் இருந்து பேரப்பிள்ளைகள் விரித்துப் பார்க்கும் பொருள். அதில் நல்ல பட்டும் நல்ல சரிகையும் இருக்கட்டும். வரவேற்புக்கு உடுக்கும் இரண்டாவது உடுப்பும் மாப்பிள்ளையின் கோட்டும் வாடகைக்கு எடுக்கத்தக்கவை.

மேளம் பற்றி மகளிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். தவில் மேதை தெட்சணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் வாழ்ந்த அளவெட்டியும், மேளக் கலைஞர்களுக்குப் பேர்போன இணுவிலும் இவ்வளவு அருகில் இருக்க, நாங்கள் இத்தனை காலமும் மேளத்தை ஒரு சம்பிரதாயமாகவே நினைத்து, குறைந்த விலைக்கு வந்தவர்களைப் பிடித்திருந்தோம். மகளின் கலியாணத்தில் இரண்டு நாதஸ்வரமும் இரண்டு தவிலுமாக நல்ல குழு ஒன்று வந்தது. மாப்பிள்ளை அழைப்பிலிருந்து கெட்டிமேளம் வரை, பேசிக்கொண்டிருந்த சபை தானாகவே அடங்கிக் கேட்டது. நல்ல வித்துவான்களை ஒழுங்கு செய்ய விரும்பினால் திருவிழாக் காலத்தை விலக்கி நாள் பாருங்கள். நல்லூர்த் திருவிழா மட்டுமே 25 நாள் நடக்கும், அக்காலத்தில் மற்றைக் கோயில்களும் அவர்களை அழைத்திருக்கும். அவர்களை மணவறைக்கு அருகே உயரமான இடத்தில் இருத்தி, முகூர்த்தம் முடிந்ததும் உபசரித்துச் சாப்பிடச் செய்து, பேசிய பணத்தை வெற்றிலை பாக்குடன் தட்டில் வைத்துக் கொடுங்கள்.

படப்பிடிப்பில் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். பெறாமகளின் கலியாணத்துக்கு நாங்கள் ஒழுங்கு செய்த கமராக்காரர்கள் கோட்டையிலும் கசூரினாக் கடற்கரையிலும் ட்ரோன் கமராவை வைத்து இரண்டு நாள் படம் எடுத்தார்கள். கலியாணத்தன்று அம்மம்மா அறுகரிசி போட்டு வாழ்த்திய படத்தை எடுக்கவில்லை. அல்பம் வர ஒன்றரை ஆண்டு சென்றது. அதற்குள் அம்மம்மா போய்விட்டார். ஆகவே ட்ரோனையும் முன்கூட்டிய கடற்கரைப் படப்பிடிப்பையும் விட்டுவிட்டு, அனுபவமுள்ள இருவரைக் கலியாணத்தன்று முழுநேரமும் நிற்கச் செய்யுங்கள். கட்டாயம் எடுக்க வேண்டிய இருபது முப்பது முகங்களை எழுதிக் கொடுத்து, உறவினரை அறிந்த ஒரு தம்பியைக் கமராக்காரரின் பக்கத்திலேயே நிறுத்துங்கள். எல்லாப் படங்களின் பிரதியும் ஒரு மாதத்துக்குள் கையில் தரப்பட வேண்டும் என்று எழுதிக் கையொப்பம் வாங்கி, மூன்றில் ஒரு பங்குப் பணத்தை அல்பம் வரும்வரை வைத்திருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மணவறைச் சோடனைக்கு நடுத்தரம் போதும். ஆனால் மாலை மட்டும் நல்ல பூவில், அன்று காலையில் கட்டியதாக இருக்கட்டும். அழைப்பிதழ் அட்டைக்குப் பெருந்தொகை வேண்டாம். முதியவர்களுக்கு நேரில் போய்ச் சொல்வதே அழைப்பு. அட்டையின் காசை அந்தப் பயணங்களின் பெற்றோலுக்கு ஒதுக்குங்கள். கேக்கின் அடுக்குகள், கார்களின் வரிசை, விருந்தினருக்குக் கொடுக்கும் நினைவுப் பொருள் ஆகியவற்றில் எவ்வளவு குறைத்தாலும் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

வெளிநாட்டில் உள்ள சகோதரர்கள் "நாங்கள் போடுகிறோம், நீங்கள் செய்யுங்கள்" என்று அன்போடு சொல்வார்கள். கையில் வந்து சேர்ந்த பணத்தை மட்டும் கொப்பியில் எழுதுங்கள்; யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள், அந்தக் காரியத்தில் முடிவெடுப்பவர் யார் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். காசு ஒருவருடையதாகவும் தெரிவு இன்னொருவருடையதாகவும் இருந்ததால் கலியாணம் முடிந்து மாதக்கணக்கில் பேசாமலிருந்த அண்ணன் தம்பியரை நான் அறிவேன்.

மொத்தத் தொகையில் பத்தில் ஒன்றைத் தொடாமல் வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் மழைக்குத் தகரப் பந்தல் போட வேண்டி வரலாம்; எந்த மாதத்திலும் மின்சாரம் நின்றால் ஜெனரேற்றருக்கு டீசல் வேண்டும். அப்படி ஒன்றும் நேராவிட்டால், அந்தப் பணத்தை, கலியாணத்துக்குப் பின் நடக்கும் நாலாம் சடங்கு விருந்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கலியாணத்தன்று ஓடித்திரிந்து சரியாகச் சாப்பிடாமல் போன உங்கள் வீட்டாரும், இரவிரவாகத் தேங்காய் துருவிய அயலவரும், பந்தி பரிமாறிய பொடியன்களும் அன்றைக்குத்தான் ஆறுதலாக இருப்பார்கள். நல்ல ஆட்டிறைச்சியும் நண்டும் வாங்கி, அவர்களை இருத்தி நீங்களே பரிமாறுங்கள்.