வாடகை வீட்டிலிருந்தே சோலார்: நியூ ஜெர்சியில் சேர்வது எப்படி?

அபார்ட்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறோம், கூரை நம்முடையது இல்லை, அப்புறம் சோலார் எங்கே போடுவது? நியூ ஜெர்சியில் இதற்கு வழி இருக்கிறது. பெரிய கிடங்குகளின் கூரையிலும், மூடப்பட்ட குப்பைக் கிடங்குகளின் மேலும் சோலார் தகடுகள் போடுகிறார்கள். அதில் ஒரு பங்குக்கு நீங்கள் சந்தாதாரராகச் சேரலாம். 2018-ல் வந்த சட்டத்தின் கீழ் சோதனை முயற்சியாக ஆரம்பித்த இந்த கம்யூனிட்டி சோலார், 2023-ல் நிரந்தரத் திட்டமானது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கூரையிலிருந்து உங்கள் வீட்டுக்குத் தனி ஒயர் வராது. மின்சாரம் பொதுக் கம்பியில் கலந்துவிடும். உங்களுக்குக் கிடைப்பது பில்லில் கிரெடிட், அதாவது பில் தொகையில் கழித்துக்கொள்ளும் பணம். தெருவில் கரன்ட் போனால் உங்கள் வீட்டிலும் போகும்.

படி 1: பில்லை எடுங்கள்

மின் கம்பெனி எது? பி.எஸ்.இ. அண்ட் ஜி., ஜே.சி.பி. அண்ட் எல்., அட்லாண்டிக் சிட்டி எலெக்ட்ரிக், ராக்லண்ட் எலெக்ட்ரிக் என்று எதுவானாலும், அதன் எல்லைக்குள் இருக்கும் திட்டத்தில்தான் சேர முடியும். அப்புறம் கடந்த 12 மாத உபயோகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிலோவாட் ஹவர் என்று போட்டிருப்பது நம்மூர் யூனிட்தான். பங்கின் அளவை இதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஏ.சி. ஓடிய ஜூலை பில்லை மட்டும் காட்டினால் பங்கு தேவைக்கு மேல் பெரிதாகிவிடும்.

படி 2: திட்டத்தை நீங்களே தேடுங்கள்

மாநிலத்தின் கிளீன் எனர்ஜி இணையதளத்தில் ஆரம்பியுங்கள். நண்பர் ஒருவர் தீபாவளி மேளாவில் மேஜை போட்டிருந்தவர்களிடம் பில்லை நீட்டினார். ‘சோலார்’ என்றுதான் சொன்னார்களாம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மின்சாரம் சப்ளை செய்யும் கம்பெனியே (கம்பி வைத்திருக்கும் மின் கம்பெனி அல்ல) மாறியிருந்தது, ரேட்டும் ஏறியிருந்தது. கம்யூனிட்டி சோலாரில் சேர சப்ளையரை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. “என் சப்ளையர் மாறுமா?” என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றாலோ மழுப்பினாலோ நகர்ந்துவிடுங்கள். அதுவரை அக்கவுன்ட் நம்பரைக் காட்டாதீர்கள்.

படி 3: ஒப்பந்தம்

சந்தா கட்டும்போது கிரெடிட் தொகையில் தள்ளுபடி எத்தனை சதவீதம்? நிரந்தரத் திட்டத்தில் குறைந்தது 15 தர வேண்டும். பாதியில் விலகினால் கட்டணம் உண்டா? வீடு மாறினால் சந்தா கூடவே வருமா? விசா, வேலை, பிள்ளைகளின் ஸ்கூல் என்று அடிக்கடி பெட்டி கட்டுகிற நமக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியம்.

படி 4: முதல் பில்

எல்லோரும் குழம்புவது இங்கேதான். இந்த மாதம் உங்கள் பங்குக்கு 100 டாலர் கிரெடிட், தள்ளுபடி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் 100 குறையும். சந்தாவாக 80 கட்டுவீர்கள். மிச்சம் 20. அந்த 80-ஐ மட்டும் பார்த்துவிட்டு “சோலாருக்குத் தனியாக வேறு பிடுங்குகிறானே” என்று பதறியவர்களில் நானும் உண்டு. இரண்டும் ஒரே பில்லில் வருமா என்று சேரும்போதே கேட்டுவிட்டால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

கோடையில் கிரெடிட் ஏறும், ஜனவரிப் பனியில் இளைத்துப்போகும். ஒரு வருடக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். தகடு உங்களுடையது இல்லை என்பதால் வருமான வரியில் சோலார் கழிவு கேட்க முடியாது.

கையெழுத்துப் போட்ட மறுமாதமே கிரெடிட் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூரையில் வேலை முடியாத திட்டமென்றால் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை உங்கள் பழைய பில் அப்படியே வரும். கிரெடிட் இல்லாத மாதத்துக்குச் சந்தாவும் இருக்கக் கூடாது.